விடை சரிதான், விளங்கியதா?



இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைக் கையில் வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை எத்தனையோ பிள்ளைகளின் தாள்களைத் திருத்தியிருக்கிறேன். சிவப்பு மையால் எத்தனையோ சுழிகள் போட்டிருக்கிறேன். அவற்றில் ஒரே ஒரு சுழி மட்டும் இன்றும் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். உங்கள் பிள்ளையின் தாளிலும் அப்படியொரு சுழி இருக்கலாம் அல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஒரு சோதனை வைத்தேன். வகுப்பில் பதினான்கு பேர். எல்லாரும் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஆகவே அவர்களுக்குப் பழக்கமான பொருளிலேயே ஒரு கேள்வி கேட்டேன்: "ஒரே உயரத்திலிருந்து ஒரு செம்பனைக் குலையும் ஓர் உதிரிப் பழமும் ஒரே நேரத்தில் விழுந்தால், எது முதலில் தரையைத் தொடும்?"

பதின்மூன்று பேர், "இரண்டும் ஒரே நேரத்தில் தொடும்" என்று எழுதியிருந்தார்கள். முந்திய வாரம் நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட வாக்கியம் ஓர் எழுத்துப் பிசகாமல் திரும்பி வந்திருந்தது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரே ஒரு பையன் மட்டும், "குலைதான் முதலில் விழும்" என்று எழுதியிருந்தான். யோசிக்கவே இல்லை, ஒரு சுழியைப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாள் வந்தது. பையனின் தந்தை காலை வேலையை முடித்துக்கொண்டு, குளித்து, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தோட்டத்தில் குலை வெட்டுபவர். மகனின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்தச் சுழி வந்ததும் கை நின்றது.

"இவனுக்குப் படிப்பு ஏறல டீச்சர். மூணாம் பாரம் வரைக்கும் போகட்டும், அதுக்கு மேல என்கூடவே வேலைக்கு வந்துடட்டும்னு பாக்கிறேன். செலவழிச்சு என்னா பிரயோசனம்?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "ஏம்ப்பா, வகுப்பில் சொல்லித்தானே கொடுத்தேன்? ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்தபடியே, "நான் பாத்ததத்தான் எழுதினேன் டீச்சர். அப்பா வெட்டும்போது மட்டை மெதுவா வரும். குலை தொப்புன்னு விழும்" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் தந்தை குறுக்கிட்டார். கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"டீச்சர், ரெண்டும் ஒண்ணாத்தான் விழும்னா, உதிரிப் பழம் தலையில விழுந்தா தடவி விட்டுட்டுப் போயிடுறோம். குலை விழுந்தா ஆளே போயிடுவான். அது எப்படி?"

வாசகர்களே, உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடம் என்னால் விடை சொல்ல முடியவில்லை. "அது வந்து, எடை அதிகம், அதனால்..." என்று ஏதோ இழுத்தேன். எடை அதிகமானால் வேகமாகத்தானே விழ வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் நான் அகப்பட்டிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் அண்ணே" என்று அனுப்பிவைத்தேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் அந்தப் பதின்மூன்று பேரைப்போலத்தான் இருந்திருக்கிறேன். விடை தெரியும், விளக்கம் தெரியாது. ஆசிரியை என்பதால் சிவப்புப் பேனா என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் வகுப்பில் ஒரு தகரத்தைத் தரையில் போட்டேன். ஒரு கையில் தேங்காய் அளவுக் கல், மறுகையில் கோலிக்குண்டு அளவுக் கல். நாற்காலியின்மேல் ஏறி நின்றுகொண்டேன். "எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மார்க் கிடையாது. பெரிய கல் முதலில் விழும் என்று நினைப்பவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றேன். சோதனையில் சரியாக எழுதிய அந்தப் பதின்மூன்று பேரில் ஒன்பது பேர் கையைத் தூக்கினார்கள்!

தாளில் ஒன்று, மனத்தில் வேறொன்று. நான் கேட்டது நினைவாற்றலை, கிடைத்ததும் அதுதான்.

கல் இரண்டையும் ஒன்றாக விட்டேன். தகரத்தில் ஒரே சத்தம். மறுபடி விடச் சொன்னார்கள். மறுபடியும் ஒரே சத்தம். அப்போது என் சுழி வாங்கிய பையன் எழுந்து, "அப்படின்னா மட்டை ஏன் டீச்சர் மெதுவா வருது?" என்றான். அந்த ஆண்டு என் வகுப்பில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அதுதான்.

ஒரே மாதிரி இரண்டு தாள்களை எடுத்தேன். ஒன்றைக் கசக்கி உருண்டையாக்கினேன். இரண்டையும் விட்டேன். உருண்டை நேரே விழுந்தது. விரித்த தாள் ஆடி அசைந்து வந்தது. எடை ஒன்றுதான், மாறியது வடிவம் மட்டும். தடுப்பது காற்று என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். விரிந்த மட்டையைக் காற்று தாங்கிப் பிடிக்கிறது. உருண்டு திரண்ட குலையை அதனால் அவ்வளவாகத் தடுக்க முடிவதில்லை.

காற்றே இல்லாத இடத்தில் என்ன ஆகும்? 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அப்போலோ 15 பயணத்தில் சந்திரனுக்குப் போன டேவிட் ஸ்காட் என்னும் விண்வெளி வீரர் அங்கே நின்றுகொண்டு இதைச் செய்து காட்டினார். ஒரு கையில் சுத்தியல், மறுகையில் ஒரு வல்லூற்றின் இறகு. இரண்டையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே போய்ச் சந்திரத் தரையைத் தொட்டன.

சந்திரனுக்குப் போகாமலே இதை யோசித்து அறியலாம் என்று காட்டியவர் இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ. 1638-இல் வெளிவந்த தம் நூலில், கனமான கல்லோடு கனமில்லாத கல்லைச் சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார். நம் தோட்டத்துக்கு ஏற்றபடி அதை இப்படிச் சொல்லலாம். ஒரு குலை என்பது என்ன? பல நூறு பழங்கள் ஒன்றாய் இருப்பதுதானே? அந்தப் பழங்களைத் தனித்தனியாக விட்டால் எல்லாம் ஒரே வேகத்தில் விழும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஒரே காரணத்துக்காக அவை ஏன் வேகத்தைக் கூட்ட வேண்டும்? இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கரும்பலகை வாக்கியத்தால் அது வரவில்லை.

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரைக்கு வரும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். குலைக்கும் அதே வேகம்தான். உதிரிப் பழத்துக்கும் ஏறக்குறைய அதுதான். ஆனால், தோட்டத்து ரோட்டில் ஒரே வேகத்தில் ஒரு சைக்கிளும் ஒரு லாரியும் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை நீங்கள் கையால் தடுத்து நிறுத்துவீர்கள்? வேகம் ஒன்றுதான், நிறுத்துவதற்கு வேண்டிய பலம் ஒன்றல்ல. இருபது கிலோ குலைக்கும் பதினைந்து கிராம் பழத்துக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த ஆயிரம் மடங்கையும் நிறுத்தும் வேலை தலைக்கு வந்தால் தலை தாங்குமா? எது முதலில் விழும் என்பது ஒரு கேள்வி. எது பலமாக அடிக்கும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நானும் குழப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வியிலேயே குறை இருந்தது. "காற்றின் தடையை விட்டுவிட்டால்" என்று நான் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். காற்று உள்ள நம் தோட்டத்தில் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விட்டால், காற்று சிறு பழத்தைச் சற்றே அதிகமாகத் தாமதப்படுத்தும். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான வித்தியாசம்தான். என்றாலும் குலைதான் முந்தும். சுழி வாங்கிய பையன் எழுதியதும் அதைத்தானே?

அந்தத் தந்தையைத் தேடி லயத்துக்கே போனேன். வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். லாரியையும் சைக்கிளையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார், தலையை ஆட்டினார். "அண்ணே, உங்கள் பையனுக்குப் படிப்பு ஏறாமல் இல்லை. அவன் கண்ணால் பார்த்ததை மூளையால் யோசிக்கிறான். அந்தச் சுழி அவனுடையது இல்லை, என்னுடையது. மூன்றாம் பாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே பார்த்து, "டீச்சருக்குத் தேத்தண்ணி கொண்டா" என்று மட்டும் குரல் கொடுத்தார்.

இது தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தோட்டத்து ஆசிரியைக்கும் மட்டும் உள்ள குறை என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டினீஸ் என்னும் இயற்பியல் பேராசிரியரும் அவருடைய தோழர்கள் இருவரும் 1992-இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். விசை, அசைவு ஆகியவற்றின் அடிப்படையைச் சோதிப்பது அது. 1995-இல் திருத்திய பதிப்பில் 30 கேள்விகள். கணக்குப் போட வேண்டியதில்லை; சூத்திரமும் வேண்டியதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகள். அவற்றில் தவறான விடைகள் வாய்க்கு வந்தபடி எழுதியவை அல்ல. மனிதர்கள் இயல்பாக நம்புகிறவற்றையே பொறுக்கி வைத்தவை.

புகழ்பெற்ற ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மாஸூர் என்னும் பேராசிரியர், இத்தகைய ஒரு சோதனையைத் தம் மாணவர்களுக்கு மிகவும் எளிது என்று எண்ணித்தான் கொடுத்தார். கடினமான கணக்குகளைப் போடத் தெரிந்த மாணவர்கள் இந்த எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். அவர்களில் ஒருவர், நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி விடை எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாராம். அதைப் படித்தபோது என் பதின்மூன்று பிள்ளைகளும் அந்த ஒரு பையனும்தான் என் கண்முன் நின்றார்கள்.

1998-இல் ரிச்சர்ட் ஹேக் என்னும் பேராசிரியர் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் இத்தகைய சோதனை முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஆசிரியர் பேச, மாணவர் கேட்டு எழுதிக்கொண்ட வகுப்புகளைவிட, மாணவர்களே செய்து பார்த்து, தங்களுக்குள் பேசி விவாதித்த வகுப்புகளில் முன்னேற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

செய்து பார்த்து அறிவது நமக்குப் புதிதா என்ன? என் அம்மா ரப்பர் மரம் வெட்டியவர். படித்தது மூன்றாம் வகுப்பு. 1980-களின் இறுதியில், பள்ளி விடுமுறையில் நான் அவரோடு தீம்பாருக்குப் போவேன். பாலைச் சேர்த்துக்கொண்டு காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் வாளியை மாட்டித் தோளில் தூக்குவார். ஒரு வாளியில் பால் கூடவும் மற்றதில் குறைவாகவும் இருந்தால், கனமான வாளிப் பக்கமாகத் தோளைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார். கம்பு ஆடாமல் நிற்கும். "ஏம்மா நகர்ந்தீங்க?" என்று கேட்டால், "கனத்த கிட்ட வச்சுக்கணும், லேச தூர வச்சுக்கணும்" என்பார்.

பிறகு பயிற்சிக் கல்லூரியில் நெம்புகோல் பாடம் வந்தது. பன்னிரண்டு கிலோ 50 சென்டிமீட்டர் தூரத்திலும், எட்டு கிலோ 75 சென்டிமீட்டர் தூரத்திலும் இருந்தால் கம்பு சமமாக நிற்கும்; ஏனென்றால் இரண்டு பக்கமும் பெருக்கினால் 600. இந்தக் கணக்கில் முழு மார்க் வாங்கினேன். ஆனால், என் அம்மாவின் தோளில் தினமும் நான் பார்த்தது இதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்தில் இருந்தது வேறு, தீம்பாரில் இருந்தது வேறு என்று நினைத்திருந்தேன். அந்தக் கேள்வித்தாள் என் அம்மாவிடம் போயிருந்தால் அவருக்குச் சுழிதான். வாளியை என்னிடம் கொடுத்திருந்தால் சுழி எனக்கு!

ஆகவே பெற்றோர்களே, "எங்களுக்குப் படிப்பில்லை, பிள்ளையின் அறிவியலைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்காதீர்கள். உங்கள் கைக்குத் தெரியும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆறாம் ஆண்டின் முடிவில் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று காட்ட அந்தப் பொதுத் தேர்வு இப்போது இல்லை. அப்படியானால் வீட்டில் கேட்கும் கேள்விக்கு இன்னும் மதிப்புக் கூடுகிறது அல்லவா? இதோ, மூன்று கேள்விகள். செலவு ஒன்றும் இல்லை.

முதலாவது, விடியற்காலையில் கேட்பது. இரவெல்லாம் வெளியே கிடந்த கத்தியைக் காட்டி, "இரும்பு அதிகக் குளிர்ச்சியா, மரப்பிடி அதிகக் குளிர்ச்சியா?" என்று கேளுங்கள். தொட்டுப் பார்த்து இரும்பு என்றுதான் சொல்வார்கள். உண்மையில் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். மரத்தைவிட இரும்பு பல நூறு மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். அது நம் கையிலுள்ள சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால் கை குளிர்கிறது. கை சொல்வது இரும்பின் குளிர்ச்சியை அல்ல, தன்னிடமிருந்து சூடு போகும் வேகத்தை. கத்தியைப் பெரியவர்களே பிடித்துக்கொண்டு, கூரில்லாத பக்கத்தை மட்டும் தொடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பள்ளிப் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கேட்பது. "டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் முன்னால் போய் விழப் பார்க்கிறாயே, உன்னை யார் தள்ளினார்கள்?" ஒருவரும் தள்ளவில்லை. பஸ்ஸோடு கால் நின்றுவிட்டது. உடம்பு போய்க்கொண்டிருந்தபடியே போகப் பார்க்கிறது. தடுப்பார் இல்லையென்றால் போகும் பொருள் போய்க்கொண்டே இருக்கும் என்று 1687-இல் நியூட்டன் எழுதிவைத்தது இதைத்தான்.

மூன்றாவது, என் அம்மாவின் கேள்வி. ஒரு கம்பில் இரண்டு வாளிகளை மாட்டி, ஒன்றில் தண்ணீர் நிறையவும் மற்றதில் பாதியும் ஊற்றி, "எங்கே பிடித்துத் தூக்கினால் சாயாது?" என்று கேளுங்கள். முதலில் வாயால் சொல்லட்டும். பிறகு தூக்கிப் பார்க்கட்டும்.

கேட்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பிள்ளை சரியான விடையைச் சொன்னதும் கைதட்டி விட்டுவிடாதீர்கள். "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் ஏசாதீர்கள்; அப்போதும் "எப்படித் தெரியும்?" என்றே கேளுங்கள். தவறான விடைக்குப் பின்னால் ஒரு மட்டை மெதுவாக விழுந்துகொண்டிருக்கலாம். அதைப் பார்த்த பிள்ளையை முட்டாள் என்று சொல்லலாமா? விடை உங்களுக்கே தெரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள். "வா, செய்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நானே அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

நம் பிள்ளைகளுக்கு இது இன்னொரு வகையிலும் முக்கியம். தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பாடமொழி மாறுகிறது. நான்காம் படிவத்தில் இயற்பியல் தனிப் பாடமாகவே வருகிறது. தமிழில் நாம் "விசை" என்று சொன்னது அங்கே மலாயில் "டாயா" ஆகிவிடும். மனப்பாடம் செய்த வாக்கியம் மொழி மாறியதும் காணாமல் போய்விடும். விளங்கிக்கொண்ட பிள்ளைக்கோ சொல் மட்டும்தான் புதிது; பொருள் ஏற்கெனவே அவனுக்குச் சொந்தம்.

அந்தப் பையன் இப்போது இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவத்தில் இருக்கிறான். முதல் மாணவன் என்று பொய் சொல்லமாட்டேன். இயற்பியல் எடுத்திருக்கிறான், வகுப்பில் அதிகமாகக் கேள்வி கேட்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனுடைய தந்தையைப் போன மாதம் கடைத்தெருவில் பார்த்தேன். "இப்பல்லாம் வீட்டுக்கு வந்து என்னையக் கேள்வி கேக்கிறான் டீச்சர். பாதிக்கு எனக்குப் பதில் தெரியல" என்று குறைபட்டுக்கொண்டார். ஆனால் முகத்தில் குறை தெரியவில்லை.

இப்போதெல்லாம் தாள் திருத்த உட்காரும்போது, சுழி போடுமுன் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "எப்படித் தெரியும், சொல்" என்று கேட்கிறேன். அதற்குப் பிறகுதான் மார்க். இன்று மாலை உங்கள் வீட்டிலும் ஒரு முறை அப்படிக் கேட்டுப் பாருங்கள்.